கழற்றாத பிஸ்டனுக்கு ஒரு பில்

ஐப்பசி மழை ஒரு வாரம் நின்னு பேஞ்சா டவுன்ல இருக்கறவங்களுக்கு ரோட்டுல தண்ணி நிக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு மழை விட்ட மூணாம் நாள்ல இருந்து வேற கணக்கு ஆரம்பிக்கும். கோரையும் அருகும் போட்டி போட்டு வரும். வாழை மூணு மாசக் கன்னு. இப்ப களையை விட்டுட்டா போட்ட உரத்தையெல்லாம் அது தின்னுட்டு வாழை சவலைப் பிள்ளையாட்டம் நிக்கும். ஆள் விட்டு எடுக்கலாம்னா, மழை பேஞ்ச வாரத்துல எல்லாத் தோட்டத்துலயும் அதே வேலை. ஆள் கிடைக்காது.

அதுக்குத்தான் நாலு வருஷம் முன்னாடி மானியத்துல ஒரு பவர் வீடர் வாங்கினேன். தெரியாதவங்களுக்கு: கையால பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே நடக்கற சின்ன உழவு மெசினு. பெட்ரோல் என்ஜின், 212 சிசி, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். வாழைக்கு ஊடால ஓட்டினா களையும் மடங்கும், மண்ணும் பொலபொலன்னு ஆகும். ஆடிக்கு முன்னாடி ஓட்டிட்டுச் சாளையில நிறுத்தினது. இப்ப வெளிய எடுத்துக் கயிறை இழுத்தா, தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். ஒரு தும்மல் கூட இல்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரரோட குட்டியானையில ஏத்தி, 14 கிலோமீட்டர்ல இருக்கற ஒர்க்‌ஷாப்புல இறக்கினேன். ரெண்டு நாள் கழிச்சுப் போன் வந்துச்சு.

"ஏனுங்ணா, என்ஜின் வேலை இருக்குதுங். பிஸ்டன் செட்டு போயிருச்சு. போட்டறட்டுங்ளா?"

"எவ்வளவுங்க ஆகும்?"

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்ணா."

இந்தப் 'பாத்துக்கலாம்' இருக்குதே, எங்க பக்கத்துல அதை விட விலை கூடின வார்த்தை கிடையாது. கல்யாணத்துக்குப் பந்தல் போடறவர்ல இருந்து போர் ஓட்டறவர் வரைக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் "சரி, போடுங்க"ன்னு சொன்னேன். மனசு பூரா களைதான் இருந்துச்சு.

போய் நின்னப்ப ஒரு காகிதம் கொடுத்தாங்க. மேல 'எஸ்டிமேட்'னு அச்சடிச்சிருந்துச்சு. வேலை முடிஞ்சப்புறம் தர்ற காகிதத்துக்கு எஸ்டிமேட்டுன்னு பேர் வெச்சவர் யாரோ, பெரிய ஆள்தான். பிஸ்டன், ரிங் செட் 2,450. கேஸ்கட் செட் 780. கார்புரேட்டர் 2,300. காயில் 1,350. பிளக் 180. ஏர் ஃபில்டர் 420. ஆயில் 380. 'இதர பொருட்கள்' 650. கூலி 4,000. இதுக்கு மேல 18 சதவீதம் வரின்னு 2,252. ஆக மொத்தம் 14,762 ரூபாய். வரி போட்டிருக்காங்களே, ஜிஎஸ்டி நம்பர் எங்கடான்னு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

"பழைய பிஸ்டனைக் கொடுங்க, பாக்கோணும்"னு கேட்டேன். பையன் உள்ள போயி, மூலையில கிடந்த டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்துட்டு வந்தான். அது பிஸ்டன்தான். யாரு வீட்டுப் பிஸ்டன்னுதான் தெரியலை.

அப்புறம் மெசினுக்குப் பக்கத்துல போயிக் குத்த வெச்சு உக்காந்து பார்த்தேன். இங்கதான் ஒரு சின்ன விஷயம் சொல்லணும். இந்த மாதிரி என்ஜின்ல பிஸ்டன் வெளிய வரணும்னா ஹெட்டைத் தூக்கணும். அது மட்டும் பத்தாது. கனெக்டிங் ராடு கிராங்க்ல பிடிச்சிருக்கும். அதைக் கழட்டறதுக்குப் புல்லியை எடுத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்தே ஆகணும். வேற வழியே இல்லை. என் என்ஜின்ல அந்தப் பக்கவாட்டு மூடி மேல, நாலு வருஷமா எங்க செம்மண்ணும் ஆயிலும் சேர்ந்து காய்ஞ்சு ஒரு பத்து அப்பிக்கிட்டிருக்கும். அது அப்படியே இருந்துச்சு. போல்ட்டுத் தலையில ஸ்பேனர் பட்ட தடம் கூட இல்லை. ஹெட் போல்ட்டும் அதே மாதிரிதான்.

கத்தலை. கத்தினா அது சண்டை ஆயிரும், சண்டையில எப்பவும் கடைக்காரர்தான் ஜெயிப்பார். முதலாளியைக் கூப்பிட்டு, அந்த மண்ணை மட்டும் விரலால காமிச்சேன். "இதைத் திறக்காம எப்படிங்க பிஸ்டன் மாத்தினாங்க?"ன்னு கேட்டேன். அவர் மண்ணைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "வேற வண்டிக் கணக்கை இதுல எழுதிப்போட்டானுங்க. அட ஏன்டா..." பிஸ்டன் போச்சு, கேஸ்கட் போச்சு, கூலி பாதியாச்சு, வரியும் எங்கயோ மாயமாச்சு. 7,280 ரூபாய். முறையான பில் கொடுத்தாத்தான் பணம்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். கார்புரேட்டர் புதுசுதான், கண்ணால பார்த்தேன். காயில் நிஜமாவே போயிருந்துச்சான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. அந்த 1,350 இன்னும் நெஞ்சுல முள்ளா நிக்குது.

நிஜத்துல மெசினுக்கு என்ன வியாதின்னு எனக்கே பின்னாடிதான் புரிஞ்சது. மூணு மாசத்துக்கு மேல பெட்ரோலைக் கார்புரேட்டர்லயே விட்டு வெச்சிருந்தேன். இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். நாள்பட நின்னா பெட்ரோலும் பிசினாட்டம் ஆகி ஜெட்டோட ஊசித் துளையை அடைச்சுக்கும். கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணியிருந்தாலே அநேகமா ஓடியிருக்கும். ஓட்டி முடிச்சுட்டுப் பெட்ரோல் காக்கை மூடி, என்ஜின் தானா அணையற வரைக்கும் விட்டிருந்தா அதுக்குக் கூடத் தேவை வந்திருக்காது. இந்தத் தப்பு முழுக்க என்னோடது.

இதை எழுதறப்ப, டவுன்ல இருக்கற உங்களுக்கு இது புதுசா இருக்காதுன்னு தெரியும். ஏசிக்குக் கேஸ் போட்டேன்பாங்க, போட்டாங்களான்னு யார் பார்த்தா? பைக்குக்குப் பிரேக் ஷூ மாத்தினேன்பாங்க. ஆனா உங்களுக்கு அடுத்த தெருவுல இன்னொரு கடை இருக்கும். எங்களுக்கு இந்த ஒண்ணை விட்டா அடுத்தது 40 கிலோமீட்டர். அதோட ஏசி ஒரு வாரம் ஓடலைன்னா வேர்க்கும், அவ்வளவுதான். களை ஒரு வாரம் காத்திருக்காது. எங்க அவசரத்தைக் கடைக்காரங்க எங்களை விட நல்லாப் படிச்சு வெச்சிருக்காங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு என் மகள்கிட்டக் கேட்டேன். அவ தேடிப் படிச்சுச் சொன்னா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, சொந்த உழைப்புல பிழைக்கறதுக்காக வாங்கின மெசினா இருந்தா நாமும் நுகர்வோர்தான். பொருளுக்கோ வேலைக்கோ பில் தராம இருக்கறதே முறையற்ற வணிகம். மாவட்ட ஆணையத்துல 5 லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். 1915-க்குப் போன் பண்ணியும் புகார் சொல்லலாம். பழுது பார்க்கும் உரிமைன்னு மத்திய அரசு 2022 டிசம்பர்ல ஒரு இணையதளமே திறந்திருக்கு. அதுல செல்போன், கார் இதுகளோட விவசாயக் கருவிகளையும் சேர்த்திருக்காங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல விவசாயிகளுக்காகவே இதுக்கு 2023-ல சட்டம் போட்டிருக்காங்களாம். அங்கயும் இதே பஞ்சாயத்துதான் போல.

அதே சமயம் இன்னொண்ணும் சொன்னா. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 170-வது பிரிவு. வேலை செஞ்சவர் தனக்கு நியாயமா வர வேண்டிய கூலி வர்ற வரைக்கும் பொருளைத் தராமப் பிடிச்சு வெச்சுக்கலாம். அதனால "பணம் தரமாட்டேன், மெசினைக் கொடு"ன்னு வம்பு பண்றதுல அர்த்தம் இல்லை. அவசரம்னா பணத்தைக் கட்டி, பில்லுலயே 'ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் புகார் பண்றதுதான் புத்தி. ஆனா இதெல்லாம் நடந்து முடிஞ்சப்புறம் செய்யற வைத்தியம். மெசினை இறக்கறப்பவே "என்ன வேலைன்னாலும் எவ்வளவுன்னு வாட்ஸ்அப்புல எழுதி அனுப்புங்க, நான் சரின்னு சொன்னப்புறம் கை வைங்க, கழட்டின பழசை என்கிட்டக் கொடுங்க"ன்னு மூணு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கதையே இல்லை.

இது வரைக்கும் எழுதிட்டு நிறுத்தியிருந்தா நான் ரொம்ப யோக்கியன் மாதிரித் தெரியும். மீதியையும் சொல்லிடறேன்.

எங்க ஊர்லயே ஒரு தம்பி இருந்தார். ஐடிஐ படிச்சவர். ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டாய் போட்டு மருந்தடிக்கற மெசினு, வீடர், புல் வெட்டற மெசினு எல்லாம் பார்த்துக்கிட்டிருந்தார். ஒரு தடவை இதே வீடர் நின்னப்பக் கொண்டு போனேன். காதை வெச்சுக் கேட்டார், எதையோ கழட்டி ஊதினார், மாட்டினார். பத்தே நிமிஷம். ஓடுச்சு. "எவ்வளவு தம்பி?" "முன்னூறு கொடுங்ணா."

"ஊதினதுக்கு முன்னூறா?"ன்னு நான்தான் கேட்டேன். பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நூறு ரூபாய் கொடுத்தேன். அவரும் ஒண்ணும் சொல்லாம வாங்கிப் பையில வெச்சார். எங்க ஊர்ல பாதிப் பேர் அவருக்கு அதைத்தான் பண்ணினோம். பார்ட்ஸ் மாத்தினா விலை கேட்காமக் கொடுப்போம். தலைக்குள்ள இருக்கற வேலைக்குக் காசு கேட்டா நக்கல் பண்ணுவோம். போன வருஷம் கொட்டாயைப் பிரிச்சுட்டுத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு மெசின் பார்க்கப் போயிட்டார்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்காரர் செஞ்சதை நான் ஞாயப்படுத்தலை. மாட்டாத பிஸ்டனுக்குக் காசு கேட்கறது திருட்டுதான். ஆனா அவர் 'கார்புரேட்டர் சுத்தம் பண்ணினேன், கூலி ஆயிரம்'னு உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தா, நான் சத்தம் போட்டிருக்க மாட்டேனா? போட்டிருப்பேன். கூலியைக் கூலின்னு சொன்னா எங்ககிட்ட வாங்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் அது பிஸ்டன் வேஷம் கட்டிக்கிட்டு வருது. நூறு ரூபாயில ஆரம்பிச்ச கணக்கு எங்க வந்து நின்னிருக்குன்னு பாருங்க.

வீடர் இப்ப ஓடுது. வாழைக்கு ரெண்டு உழவு ஓட்டிட்டேன். நேத்து சாயங்காலம் அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்து எல்லார் மெசினையும் பார்க்க முடியுமா, வந்து பார்க்கறதுக்கே ஐநூறு, வேலைக்குத் தனின்னு நான்தான் ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஊதறதுக்கும் உண்டுங்ளாண்ணா?"ன்னு கேட்டார்.