“எட்டு வருஷப் பழசு சார்!”

முதல் கேள்வியே “எந்த வருஷம் சார்?” என்பதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. 2018 என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் எதிரே இருப்பவர் உதட்டைப் பிதுக்கிவிடுகிறார். “எட்டு வருஷப் பழசு சார். இதை எடுத்து நான் என்ன பண்றது? உங்களுக்காக வேணா முப்பத்தஞ்சு பாக்குறேன்.”

எனக்காகவாம்! முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்தாயிரம். பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட், இரண்டு எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன், கேட்க ஆளில்லாவிட்டாலும். இன்டெல் ஐ9-7980எக்ஸ்ஈ. பதினெட்டு கோர், முப்பத்தாறு திரெட். 2017 செப்டம்பரில் வந்தபோது அந்தச் சிப்புக்கு மட்டும் இன்டெல் வைத்த விலை 1,999 டாலர். எட்டு ஸ்லாட்டிலும் நிறைத்து 128 ஜிபி டிடிஆர்4 ராம். அதை நான் வாங்கிய நேரமும் அப்படி, ராம் விலை உச்சத்தில் நின்ற காலம். கார்டு பின்னால் வந்தது: ஆர்டிஎக்ஸ் 3090, 24 ஜிபி. கொரோனாவும் கிரிப்டோவும் சேர்ந்து கார்டு விலையை ஏற்றி வைத்திருந்தபோது, ஒரு வெப் சீரிஸ் கலர் கிரேடிங் வேலையை நம்பி, ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தேன். கார்டு இல்லாமல் மற்றதெல்லாம் நான்கு லட்சம். சாலிகிராமத்தில் ஒற்றை அறை ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு நான்கு லட்சம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜிஎஸ்டி பதிவு எடுக்கும் அளவுக்கு எனக்கு வருமானம் இருந்ததில்லை. அதனால் வாங்கும்போது கட்டிய 18 சதவீதத்தில் ஒரு பைசாவும் திரும்பி வந்ததில்லை.

இப்போது ஸ்டுடியோவை மூடுகிறேன். ஏன் என்பது வேறு கதை, அதை இங்கே இழுக்கவில்லை. விற்க வேண்டும். நியாயமான விலைக்கு விற்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் முதல் கடைக்காரர் “முப்பத்தஞ்சு” என்று சொன்ன அதே நேரம், அவர் முழங்கைக்குக் கீழே இருந்த கண்ணாடி அலமாரியில் ஒரு 3090 படுத்திருந்தது. பழையதுதான், பெட்டிகூட இல்லை. ஸ்டிக்கரில் 65,000 என்று எழுதியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வந்து அதைக் கேட்டார்கள். கடைக்காரரின் குரல் அப்படியே மாறியது! “24 ஜிபி தம்பி. புதுசா வந்த 5080-லயே பதினாறுதான் இருக்கு, பாத்துக்க. ஏஐ மாடல் ஓட்டுற பசங்க எல்லாம் இதத்தான் தேடி வர்றாங்க. பதினஞ்சு நாள் டெஸ்டிங் வாரன்டி தர்றேன்.” அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அது எந்த வருஷத்துக் கார்டு என்று அந்தப் பையன்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 2020 செப்டம்பரில் வந்த கார்டு. என்னிடம் இருப்பதும் அதே கார்டு. என் கையிலிருந்து போனால் பழசு, அவர் அலமாரிக்குள் படுத்துவிட்டால் 24 ஜிபி.

“அண்ணே, இந்தக் கார்டே அறுபத்தஞ்சுன்னா என் பெட்டி முழுசும் எப்படி முப்பத்தஞ்சு ஆகும்?” என்று கேட்டேன். கோபப்படவே இல்லை அந்த மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. “உங்களோடது மைனிங்ல ஓடுனதா இருந்தா?” என்றார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறையை மாற்றி, கார்டு வைத்து அதை மைனிங் செய்வது நின்றுபோனபோது, மைனிங் பண்ணையில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய பொருள் சந்தையில் வந்து கொட்டின. அந்தச் சந்தேகம் வாங்குகிறவருக்கு வருவது நியாயம்தான். அப்படியானால் அந்தப் பையன்களிடம் அவருடைய கார்டு எங்கே ஓடியது என்று சொல்லியிருக்க வேண்டாமா? என்னுடையது எங்கே ஓடியது என்பதற்கு என்னிடம் பில் இருக்கிறது, புராஜெக்ட் ஃபைல்கள் இருக்கின்றன, மெமரி சூடாகிறதென்று பின்பக்கத் தெர்மல் பேடை மாற்றிய ரசீதுகூட இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை அவர்.

அடுத்த கடையில் வேறு பாட்டு. “ஏழாவது ஜென் சார். வின்டோஸ் 11 ஏறாது. இனிமே யாரும் தொட மாட்டாங்க.” 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வின்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அன்றிலிருந்து இது ஒரு மந்திரம் மாதிரி எல்லா வாயிலும் ஏறிவிட்டது. எட்டாவது தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்புகளை வின்டோஸ் 11 ஏற்காது என்பது பொதுவாகச் சரி. ஆனால் 2021 ஆகஸ்டிலேயே மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டியலைத் திருத்தி, கோர் எக்ஸ் வரிசையையும் ஜியான் டபிள்யூ வரிசையையும் சேர்த்துவிட்டது. என் சிப் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பயாஸில் டிபிஎம்மை ஆன் செய்துவிட்டு இதே மெஷினில் வருஷக்கணக்காக வின்டோஸ் 11-தான் ஓட்டுகிறேன், ஒரு கோல்மாலும் இல்லாமல். அங்கேயே மானிட்டரில் இணைத்து ஓட விட்டுக் காட்டினேன். பார்த்தார். “ஏறும் சார். ஆனா ஏழாவது ஜென்னுன்னு சொன்னாலே கஸ்டமர் எழுந்து போயிடுவான்” என்றார். சொன்ன காரணம் பொய்யானதும் விலை ஏறவில்லை, காரணம்தான் மாறியது.

வீட்டுக்கு வந்தால் இணையத்தில் பழைய கம்ப்யூட்டர் எடுப்பவர்களின் படிவம். அதில் பிராசசர் என்ற இடத்தில் ஐ3, ஐ5, ஐ7. ஐ9 கிடையாது. ராம் 32 ஜிபியோடு முடிந்துவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு உண்டா, இல்லையா என்று ஒரே கேள்வி. இரண்டாயிரம் ரூபாய்க் கார்டுக்கும் 3090-க்கும் ஒரே “உண்டு”. அந்தப் படிவத்தை நிரப்பி வந்த தொகையை இங்கே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. விளம்பரம் போட்டேன். “லாஸ்ட் ப்ரைஸ்?” என்று காலை ஐந்து மணிக்கு ஒருவர். ராணுவத்தில் இருப்பதாகவும், உடனே பணம் அனுப்புவதாகவும், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் போதும் என்றும் இன்னொருவர். பணம் வாங்க எந்த ஊரிலய்யா பின் நம்பர் போடுகிறார்கள்? நல்ல வேளை, அந்தத் திருட்டை ஊரே அறிந்திருக்கிறது.

ஆடிட்டரிடம் புலம்பினேன். அவர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டினார். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். கார்டை விட்டுவிட்டு, நான்கு லட்சத்தில் தொடங்கி ஏழு வருஷம் கழித்தால் மிச்சம் 11,197 ரூபாய். “புக் வேல்யூ பதினோராயிரம்தான் சார். முப்பத்தஞ்சு வந்தா லாபம்” என்றார். சொல்லப்போனால் அந்த வித்தியாசத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டி வருமாம்! வரிக்காகத் தாளில் எழுதுகிற தேய்மானம் ராமுக்கு எப்படித் தெரியும்? 2018-ல் 128 ஜிபி வாங்கினேன். இன்றைக்கும் அது 128 ஜிபிதான். வருஷத்துக்கு 40 சதவீதம் சுருங்கவில்லை.

நான் கண்மூடித்தனமாகப் பேசவில்லை. அந்தப் பதினெட்டு கோர் சிப்பின் வேகத்தை இன்றைய நடுத்தர விலைச் சிப் ஒன்று தாண்டிவிடும், அதைவிடக் குறைந்த கோர்களோடு. மின்சாரமும் அதிகம் தின்னும். எல்ஜிஏ 2066 சாக்கெட்டில் இனி புதுச் சிப் வரப்போவதில்லை. இரண்டு லட்சம் போட்ட இடத்தில் பதினைந்தாயிரம் என்று சொல்லுங்கள், தலையாட்டிவிட்டுப் போகிறேன். மதர்போர்டுக்கு ஒன்றும் தராவிட்டாலும் வாய் திறக்க மாட்டேன். ஆனால் சிப் கிழடாகிவிட்டது என்பதற்காக அதே பெட்டியில் இருக்கிற ராமும் கார்டும் எப்படிக் கிழடாகும்? பழைய வீட்டை இடிக்க வருகிறவன், “அம்பது வருஷக் கட்டடம், சுண்ணாம்புச் சுவர்” என்று சொல்லி அடிமாட்டு விலைக்குப் பேசி முடிப்பான். மறுநாள் அதே வீட்டின் பர்மா தேக்கு உத்தரத்தை மரக்கடையில் கன அடிக் கணக்கில் விற்பான். என் பெட்டிக்கும் நடப்பது அதுதான்.

அதுவும் எந்த நேரத்தில்! பெரிய கம்பெனிகள் டிடிஆர்4 உற்பத்தியைக் குறைக்கப் போவதாகச் சொன்ன 2025-லேயே அதன் விலை ஏறத் தொடங்கியது. ஆண்டு இறுதிக்குள் ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்தில் உள்ள மெமரியை எல்லாம் வாரிக்கொண்டதில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுமே கைக்கு எட்டாமல் போயின. டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கிக்கொண்டிருந்த குரூஷியல் பிராண்டையே மூடப் போவதாக அறிவித்தது. ரிச்சி தெருவில் இன்று ராம் விலை கேட்டால் “இப்ப ஒரு ரேட்டு, சாயங்காலம் ஒரு ரேட்டு சார்” என்கிறார்கள். பழைய ராமுக்குக்கூட ஆள் காத்திருக்கிறது. இது எல்லாம் தெரிந்த அந்த முதல் கடைக்காரர் என்னிடம் சொன்னது: “டிடிஆர்4 எல்லாம் போயிடுச்சு சார். இப்ப எல்லாரும் அஞ்சுதான்.” என் கண்ணெதிரிலேயே டிடிஆர்4 பதினாறு ஜிபி ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, ஊதி, துடைத்து, ஒருவருக்கு விலை சொல்லிக்கொண்டே!

உச்ச விலையில் வாங்கினேன், உச்ச விலை இருக்கும்போது விற்க வந்தேன். இடையில் எனக்கு வந்த பட்டம் மட்டும் பழசு.

கடைக்காரர் லாபம் பார்க்கக்கூடாது என்றா சொல்கிறேன்? வாடகை கட்டுகிறார், பையன்களுக்குச் சம்பளம் தருகிறார், வாங்கிப் போட்டது விற்காமல் கிடக்கும் ஆபத்தும் அவருடையது. முப்பது சதவீதம் எடுத்துக்கொள்ளட்டும், நாற்பதுகூட எடுக்கட்டும். “ஜிஎஸ்டி வேற கட்டணும் சார்” என்று அழ வேண்டாம். என்னைப் போல் பதிவில்லாத ஆளிடம் பழைய பொருள் வாங்கி விற்பவருக்கு, லாபத்தின் மீது மட்டும் வரி கட்டும் முறை சட்டத்திலேயே இருக்கிறது. நான் கேட்டது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ராமுக்கு இவ்வளவு, கார்டுக்கு இவ்வளவு, எஸ்எஸ்டிக்கு இவ்வளவு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தாருங்கள் என்றேன். ஒரு கடையில்கூட எழுதவில்லை. “அப்படியெல்லாம் பழக்கமில்ல சார்.” விற்கும்போது மட்டும் அந்தப் பழக்கம் எப்படி வந்தது? பில்லில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தனித்தனி வரி போடத் தெரிந்தவர்களுக்கு வாங்கும்போது கூட்டல்கூட மறந்துபோகிறது.

இது என் ஒருவன் வயிற்றெரிச்சல் இல்லை. கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள், அனிமேஷன் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை எடுக்கிறவர்கள், ஒற்றை அறையில் டப்பிங் கூடம் வைத்திருப்பவர்கள் என்று கடன் வாங்கி மெஷின் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் விற்க வருவது எப்போதும் அவசரத்தில்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குகிறவனைப் பார்த்ததுமே கடைக்குத் தெரிந்துவிடுகிறது, இவன் திரும்பத் தூக்கிக்கொண்டு போகமாட்டான் என்று.

நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நேற்று அந்த முதல் கடையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். “சார், அந்த ராம் மட்டும் குடுக்குறீங்களா? கார்டும் இருந்தா சொல்லுங்க.”

“எட்டு வருஷப் பழசாச்சே தம்பி, யாருக்கு வேணும் அது?” என்றேன்.

“இல்ல சார், பார்ட்டி ரெடியா இருக்கு.”

“என்ன ரேட்டு போடுவீங்க?”

“நேர்ல வாங்க சார், பாத்துக்கலாம்.”