16 வயதில் ஸ்கூட்டர்: லைசென்ஸ் கிடைக்கும், வண்டி கிடைக்குமா?

தாராவியிலிருந்து மாட்டுங்கா கல்லூரிக்குப் போக ஸ்கூட்டர் கேட்கும் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வது: "16 வயசுலயே லைசென்ஸ் தர்றாங்களே!" தருகிறார்கள்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, அது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அப்பா காலத்து லூனா ரகம். இன்று ஷோரூமில் நிற்பவை பெரும்பாலும் 110, 125 சிசி. அவற்றை ஓட்ட 18 வயது ஆக வேண்டும்.

அதற்கு முன்பே சாவியைக் கொடுத்து, பிள்ளை மாட்டிக்கொண்டால்? 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும் 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. மாமா வண்டியை இரவல் வாங்கினால் மாமாவும் மாட்டுவார்.

மிஞ்சுவது, 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் 25 கி.மீ.க்கு உட்பட்ட வேகமும் கொண்ட மின் ஸ்கூட்டர். இதற்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம். "ஸ்பீடைக் கூட்டித் தர்றோம்" என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூட்டியதும் அந்த விலக்கு போய்விடும். வாங்கும்போதே சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.