ஆணி அடிக்காத படகு

சென்னைக்குத் துறைமுகம் ஏற்படாத நாட்களில், சீமையிலிருந்து வந்த துரைமார்கள் எப்படிக் கரையிறங்கினார்கள் தெரியுமா? கப்பல் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து அலைகளைத் தாண்டிப் படகுகள் போய் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி வரும். மசூலா படகு என்பது அதன் பெயர். அதில் ஓர் ஆணி கூடக் கிடையாது. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அறைந்த விறைப்பான படகு அலையின் வேகத்தில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். கரையில் துணி தைப்பது போல் படகைத் தைக்கிறார்களே என்று வேடிக்கை பார்த்த வெள்ளைக்காரர்கள், பிறகு அதை நம்பித்தான் உயிரோடு கரை சேர்ந்தார்கள்!

இந்தத் தையல் வித்தை மேல்நாட்டில் வேறு வேஷத்தில் தோன்றியது. 1963-இல் லண்டன் படகுக் கண்காட்சியில் ‘மிரர்’ என்ற சிறு பாய்மரப் படகை வைத்தார்கள். ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டெலிவிஷனில் வீட்டு மராமத்து வேலைகளைக் கற்றுக்கொடுத்த பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது அது. ‘டெய்லி மிரர்’ பத்திரிகை அதைப் பரப்பியது. வெட்டிய பிளைவுட் துண்டுகளை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம். எழுபதாயிரம் படகுகள் வரை இப்படி உருவாயின.

வேலை நுணுக்கம்

செய்முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். 8 அடிப் பலகைகளை ஒட்டி நீளமாக்கி, வரைபடப்படி அறுக்க வேண்டும். ஓரங்களில் அரை அடிக்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியைக் கோத்து முறுக்கினால், தட்டைப் பலகைகள் தாமாகவே தோணியின் உருவத்தை அடைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு இது ஒரு மாயம் போலவே இருக்கும். பிறகு மரத்தூள் கலந்த எபாக்சி பிசினை மூட்டுகளின் உட்புறம் அப்பி, இறுகியதும் கம்பிகளை உருவிவிட்டு, மேலே பைபர் துணி நாடாவை ஒட்டுவார்கள். கயிறு செய்த வேலையைப் பிசின் செய்கிறது, அவ்வளவுதான்.

பிளைவுட் வாங்கும்போது ஏமாறக் கூடாது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல் ரகம்தான் வேண்டும். மேஜை செய்யும் மலிவுப் பலகை ஒரு மழைக்காலத்திலேயே அடுக்கடுக்காக உரிந்துவிடும். நம் ஊர் வெயிலில் பிசினும் சீக்கிரம் கட்டிவிடும். ஆகவே அதிகாலையில் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே புத்திசாலித்தனம். கையுறை அவசியம்.

நிற்க. இதையெல்லாம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏன் சொல்ல வேண்டும்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளுக்குக் கிழக்கே சில மைல் போனால் பழவேற்காடு ஏரி. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய இடம். ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது. கழியை ஊன்றியே தோணி தள்ளலாம். இந்தக் கரையில் மரப் படகு கட்டும் கைகள் குறைந்து வருகின்றன. 2004-ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் பைபர் படகுகளே எங்கும் நிறைந்தன. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு உறுதியும் வேகமும் வேண்டும்; பிளைவுட் தோணி அவனுக்கு ஈடாகாது. ஆனால் பைபர் படகுக்கு அச்சு வேண்டும், பட்டறை வேண்டும், முதல் வேண்டும். தைத்து ஒட்டும் தோணிக்கு ஒரு திண்ணையும் நான்கு கைகளும் போதும்.

வெள்ளம் வரும்போதுதான் இதன் அருமை தெரியும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து ஜனங்களை மீட்டார்கள். கொசஸ்தலையாறு கரை புரளும்போதெல்லாம் அதன் கரையோரத் தாழ்ந்த ஊர்கள் தவிக்கின்றன. ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ படகு வரும் என்று மொட்டை மாடியில் நின்றுகொண்டிருப்பதா? அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் தூக்கக்கூடிய தோணிகள் இரண்டு தயாராக இருந்தால் என்ன நஷ்டம்? தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர்களுக்கு இது ஒரு பருவத்து வேலை. அஜந்தா ஓவியத்தைப் பார்த்துத் தைத்துக் கட்டிய ‘கவுண்டின்யா’ கப்பலை 2025 மே மாதத்தில் நமது கடற்படை சேர்த்துக்கொண்டது. பெருமைதான். அந்தப் பெருமையில் ஒரு துளி கிராமத்துத் தச்சனுக்கும் வரட்டுமே!

ஆனால் தோணி கட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் தண்ணீர் தெரிந்துவிடாது. 2011 கிறிஸ்துமஸ் தினத்தில் பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது. முன்னும் பின்னும் காற்றடைத்த அறைகளை மூடி ஒட்டிவிட வேண்டும். முகத்துவாரத்தின் பக்கமே போகக் கூடாது; அங்கே நீரோட்டம் யாருக்கும் கட்டுப்படாது.

வேலை முடிந்ததும் தண்ணீரில் இறக்க அவசரப்படவும் கூடாது. பிசின் நன்றாக இறுக ஒரு வாரம் விட வேண்டும். வெள்ளோட்டத்துக்கு ஏரி வேண்டாம். இடுப்பளவு தண்ணீருள்ள ஊர்க் குளமே நல்லது. முதல் நாளே வேண்டுமென்று தோணியைக் கவிழ்த்து, நீர் நிரம்பிய பிறகும் அது மிதக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.