கூடுதல் விலை பெட்ரோல்: காருக்கு லாபமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் ஊர் கொள்ளாத கூட்டம். சென்னையிலிருந்து கார்கள் வரும். பெங்களூரிலிருந்து வரும். புதுச்சேரியிலிருந்தும் வரும். மலையைச் சுற்ற 14 கிலோ மீட்டர். அதை மக்கள் வெறுங்காலோடு நடந்தே முடித்துவிடுவார்கள். அதற்குக் காசு செலவு இல்லை.

கார் அப்படி அல்ல. அதற்குப் பெட்ரோல் வேண்டும். ஊர் திரும்பும் நேரத்தில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நிற்கும். அங்கே ஒரு கேள்வி வரும்.

"சாதாரணமா சார், பவர் போடட்டுமா?"

பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு இருப்பார்கள். இரவோடு இரவாக வீடு போய்ச் சேரவேண்டும். "நல்லதுன்னா அதையே போட்டுடுங்களேன்" என்பார் வீட்டுக்கார அம்மா. கார்க்காரரும் தலையை ஆட்டிவிடுவார். லிட்டருக்கு ஏழு ரூபாயோ எட்டு ரூபாயோ கூடுதலாகப் போய்விடும்.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பாலான கார்களுக்கு, கொடுத்த காசுக்கு ஈடாக ஒன்றும் கிடைப்பதில்லை. இதுதான் உண்மை.

தேர் வடம் சொல்லும் கதை

விலை கூடிய பெட்ரோலில் 95 என்றும், 97 என்றும், 99 என்றும், 100 என்றும் எண் போட்டிருப்பார்கள். இதற்கு ஆக்டேன் எண் என்று பெயர். எண் பெரிதாக இருந்தால் பலமும் பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலத்தைக் காட்டும் எண் அல்ல. அதன் பொறுமையைக் காட்டும் எண்.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே போகும். பிஸ்டன் மேலே வந்து அதை அழுத்தும். அழுத்தினால் சூடு ஏறும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடும். கலவை எரியும். பிஸ்டன் கீழே தள்ளப்படும். கார் ஓடும்.

பொறியிலிருந்து கிளம்பும் தீ ஒழுங்காகப் பரவவேண்டும். சில சமயம் அந்தத் தீ வந்து சேருவதற்குள், மூலையில் இருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். அப்போது இன்ஜினில் "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். இது நீடித்தால் இன்ஜினுக்குக் கெடுதி.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் நகரும். ஒரு மூலையில் நாலு பேர் அவசரப்பட்டு முன்னாலேயே இழுத்தால்? தேர் குலுங்கும். இழுத்த பலமும் வீண்.

அவசரப்படாமல் இருக்கும் குணம்தான் ஆக்டேன். எல்லோரும் ஏற்கனவே ஒழுங்காக இழுக்கும் வடத்தில், இன்னும் பொறுமைசாலிகளாகப் பார்த்துச் சேர்த்தால் தேர் வேகமாக ஓடிவிடுமா? ஓடாது. இழுக்கும் கைகளின் பலம் அதேதான். சாதாரண பெட்ரோலிலேயே தட்டாமல் ஓடுகிற காருக்கு 100 எண் பெட்ரோல் ஊற்றுவதும் இப்படித்தான்.

பழைய வியாபாரம்

பெட்ரோலில் மருந்து கலந்து விலை கூட்டி விற்பது புதிய தந்திரம் அல்ல. 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இன்ஜினீயர், ஈயம் சேர்ந்த ஒரு ரசாயனத்தைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் தட்டுவது நிற்கிறது என்று கண்டார். 1923 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்து பங்க் ஒன்றில் அது விற்பனைக்கு வந்தது. சாதாரண பெட்ரோலைவிட விலை அதிகம். ஜனங்கள் வாங்கினார்கள்.

அந்த ஈயம் விஷம். புகை வழியாகக் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. உலக நாடுகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. இந்தியா முழுவதும் 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

இன்றைய உயர்ரகப் பெட்ரோலில் ஈயம் கிடையாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால், விளம்பரத்தில் சொன்ன மருந்து என்றால் கேள்வி கேட்காமல் வாங்கும் பழக்கம் மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த சோதனை

அமெரிக்க மோட்டார் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1902-ல் தொடங்கியது. கார் வைத்திருப்பவர்களின் சங்கம் அது. 2016-ல் அந்தச் சங்கம் ஒரு சோதனை நடத்தியது. சாதாரண பெட்ரோல் போதும் என்று கம்பெனியே சொன்ன கார்களை எடுத்தார்கள். 4 சிலிண்டர், 6 சிலிண்டர், 8 சிலிண்டர் என்று மூன்று வகை. ஒரு முறை சாதாரணம், ஒரு முறை உயர்ரகம் என்று ஊற்றி அளந்து பார்த்தார்கள்.

பலம் கூடவில்லை. மைலேஜ் கூடவில்லை. புகையும் குறையவில்லை. தேவை இல்லாத கார்களுக்கு உயர்ரகப் பெட்ரோல் ஊற்றி, ஒரே வருஷத்தில் அமெரிக்கர்கள் 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கினார்கள் என்று சங்கம் கணக்குச் சொன்னது.

அடுத்த ஆண்டு, 2017-ல், வேறு விதமான கார்களைச் சோதித்தார்கள். "உயர்ரகப் பெட்ரோல் போட்டால் நல்லது, கட்டாயம் இல்லை" என்று கம்பெனி சொன்ன கார்கள் அவை. அவற்றில் மைலேஜ் சராசரி 2.7 சதவீதம் கூடியது. ஆனால், அங்கே விலை 20 முதல் 25 சதவீதம் அதிகம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பெட்ரோல் விலை நாளுக்கு நாள் மாறும். எனவே, ஒரு கணக்குக்காகச் சாதாரண பெட்ரோல் 100 ரூபாய், உயர்ரகம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடுகிறது. கூடுதலாகக் கொடுத்த 8 ரூபாய் திரும்பி வரவேண்டும் என்றால், அது 16.2 கிலோ மீட்டர் ஓடவேண்டும். ஓடினால் கணக்கு சரிக்குச் சரி. லாபம் அப்போதும் இல்லை. தேவைப்படாத காரில் அந்த அளவுக்கு மைலேஜ் ஏறியதாக அமெரிக்கச் சோதனை காட்டவில்லை.

சென்னையிலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வந்து திரும்ப, ஏறக்குறைய 400 கிலோ மீட்டர். கூடுதல் செலவு 213 ரூபாய். வருஷத்துக்கு ஒரு தடவை கோவிலுக்கு வரும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை இல்லை. போனால் போகட்டும்.

வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு அப்படிச் சொல்ல முடியுமா? மாதம் 4,000 கிலோ மீட்டர் ஓட்டினால், 2,100 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. வருஷத்துக்கு 25,000 ரூபாயைத் தாண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய பணம் என்பது விளங்கும். "வண்டி நம்ம சோறு போடுது, அதுக்கு நல்லதா ஊத்தணும்" என்று நினைத்து ஊற்றுகிறவர்களும் இவர்கள்தான்.

இந்தக் கூடுதல் விலையில் வரியும் சேர்ந்திருக்கிறது. 2021-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், சாதாரண பெட்ரோலுக்கு அடிப்படைக் கலால் வரி லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசு என்று வைத்தார்கள். தனிப் பெயர் சூட்டி விற்கும் பெட்ரோலுக்கு 2 ரூபாய் 60 காசு!

சாதாரணமே 95 ஆகிவிட்டது

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. முன்பு இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 88. பிறகு அது 91 ஆயிற்று. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் சாராயம்தான் எத்தனால். அதற்கு ஆக்டேன் எண் மிக அதிகம். அதைக் கலந்ததால் சாதாரண பெட்ரோலின் எண்ணே 95 ஆகிவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது.

அப்படியானால் 95 என்று எண் போட்டு, விலை கூட்டி விற்பது எதற்கு?

அதில் இன்ஜினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்திருக்கிறது என்கின்றன கம்பெனிகள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இன்ஜின் வால்வுகளில் கரி படியும். நல்ல மருந்து அதைக் குறைக்கும். அதே அமெரிக்கச் சங்கம் இதையும் சோதித்துப் பார்த்து, மருந்து நிறைய உள்ள பெட்ரோலில் கரி வெகுவாகக் குறைகிறது என்று கண்டது. ஆனால், சுத்தம் வேறு, ஆக்டேன் வேறு. சுத்தம் வேண்டும் என்று நினைப்பவர் எப்போதாவது ஒரு டாங்க் ஊற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் ஊற்றவேண்டிய அவசியம் என்ன?

எத்தனாலுக்குப் பயந்து உயர்ரகப் பெட்ரோல் போடுகிறவர்களும் உண்டு. பழைய கார் வைத்திருப்பவர்களின் கவலை நியாயமானது. எத்தனாலில் பெட்ரோலைவிடச் சூடு குறைவு. அதனால் மைலேஜ் குறையும். பழைய ரகக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை 20,000 அல்லது 30,000 கிலோ மீட்டர் ஓடிய பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று அமைச்சகமும் ஒப்புக்கொண்டது.

ஆனால், 95 எண் பெட்ரோலிலும் எத்தனால் இருக்கிறது! அதற்குக் கூடுதல் காசு கொடுத்தால் எத்தனாலிலிருந்து தப்பிவிட முடியாது. எத்தனால் கலக்காதது என்று சொல்லப்படுவது 100 எண் பெட்ரோல். இந்தியன் ஆயில் கம்பெனி 2020 டிசம்பரில் அதை அறிமுகப்படுத்தியபோது டில்லியில் லிட்டர் 160 ரூபாய். அன்று அங்கே சாதாரண பெட்ரோல் 82 ரூபாய்ச் சில்லறை. ஏழு சதவீத மைலேஜைக் காப்பாற்ற இரண்டு மடங்கு விலையா? மாற்றவேண்டிய ரப்பர் குழாயை மாற்றிவிடுவது மலிவு.

காற்றுக்குக் காசு இல்லை

பெட்ரோலை மிச்சப்படுத்த வேறு வழிகள் இருக்கின்றன. பங்க்கிலேயே ஒரு வழி இருக்கிறது. அங்கே டயருக்குக் காற்று இலவசம். அதைக் கேட்டுப் பெற வண்டிக்காரருக்கு உரிமை உண்டு. டயரில் காற்று சரியாக இருந்தாலே மைலேஜ் கொஞ்சம் கூடும். பவர் பெட்ரோல் கேட்கிற வரிசை நீளம். காற்றுக் குழாய்ப் பக்கம் ஆள் இல்லை!

மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போவதைவிட 45 முதல் 55 வேகத்தில் போனால் 40 சதவீதம் வரை கூடுதலாக ஓடும் என்று மத்திய அரசின் பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் சொல்லிவருகிறது. நெடுஞ்சாலையில் அவ்வளவு நிதானம் எல்லோருக்கும் வராது. பாதி நிதானமாவது வரலாம். பௌர்ணமி இரவில் ஊருக்குள் நுழையக் காத்திருக்கும் கார்களைப் பாருங்கள். நகராத வரிசையில், ஏ.சி.க்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே எந்த எண் பெட்ரோல் இருந்தால் என்ன? மைலேஜ் பூஜ்யம்.

யாருக்குத் தேவை?

உயர்ரகப் பெட்ரோல் யாருக்குமே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. சில கார்களின் இன்ஜின் கலவையை மிக அதிகமாக அழுத்தும் வகையில் செய்யப்பட்டிருக்கும். விலை உயர்ந்த ஜெர்மன் கார்கள் பல இப்படித்தான். அவற்றுக்கு ஆக்டேன் அதிகம் வேண்டும். காரோடு கொடுத்த புத்தகத்தில் அது எழுதியிருக்கும். பெட்ரோல் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருப்பார்கள். எந்த எண் என்று அங்கே பார்த்தால் தெரிந்துவிடும். 98 என்று இருந்தால் 98 ஊற்றவேண்டும். அங்கே கஞ்சத்தனம் கூடாது. 91 என்று இருந்தால் சாதாரணமே தாராளம். மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான்.

இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. பழைய கார். ஐந்து பேர், மூட்டை முடிச்சு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறுகிறது. வெயில் காலம். இன்ஜின் "டக் டக்" என்று தட்டுகிறது. அப்போது கீழ் கியருக்கு மாற்றி, மெதுவாக ஏறவேண்டும். ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். கரி படிந்திருக்கலாம், ஸ்பார்க் பிளக் கெட்டிருக்கலாம். எல்லாம் பார்த்த பிறகும் தட்டுகிறது என்றால், உயர்ரகப் பெட்ரோலை ஒரு டாங்க் ஊற்றிப் பார்க்கலாம். சத்தம் நின்றால், அந்தக் காருக்கு அது தேவை. புதிய கார்களில் இந்தச் சத்தத்தைக் கேட்டு உடனே பொறியின் நேரத்தை மாற்றிக்கொள்ளும் கருவியே இருக்கிறது. அதனால், காதுக்குச் சத்தம் எட்டுவதே அபூர்வம்.

பங்க்கில் கேள்வி வரும்போது யோசிக்க நேரம் இருக்காது. பின்னால் நிற்கும் கார் ஹாரன் அடிக்கும். ஆகையால், மூடியில் எழுதியிருக்கும் எண்ணை வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. காரை நிறுத்தியதும், குழாயைக் கையில் எடுக்குமுன், "சாதாரணம்" என்று சொல்லிவிடலாம். மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்கக் கூடாது.