தார்ப்பாய் இழுத்தவர்களுக்கு நாள் பேரா?

செப்டெம்பர் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நான் புளியந்தீவில் நின்றேன். 77 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறிய எங்கள் சின்னம்மா வீட்டில் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் போடும் விசேஷம். பகல் சாப்பாடு முடிந்துவிட்டது, திரும்பும் பஸ் இரவில்தான். பாலத்தைக் கடந்து கோட்டைப் பக்கமாக வந்தால், ஒரு தேத்தண்ணிக் கடை வாசல்வரை ஆட்கள். உள்ளே டீவியில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, இலங்கையும் இந்தியாவும்.

கொழும்பில் மழை. ஆட்டம் 40 நிமிடம் பிந்தித்தான் தொடங்கியது. அந்த 40 நிமிடமும் கடையில் கொண்டாட்டம்தான். மூன்று நாளைக்கு முன்னர் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் எடுத்து அசலங்க நம்மை இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் நடித்துக் காட்டினார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் 96இல் லாகூரில் அரவிந்த அடித்த 107 ஓட்டங்களை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். டீவியில் அப்போது தெரிந்ததெல்லாம் பெரிய தார்ப்பாயும் அதை இழுக்கிற ஆட்களும்தான். அவர்களை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஓவரிலேயே பும்ராவுக்குக் குசல் பெரேரா போனார். "பரவாயில்ல, நிஸ்ஸங்க நிக்கிறான்" என்றது கடை. நான்காவது ஓவரைச் சிராஜ் போட வந்தார். முதல் பந்தில் நிஸ்ஸங்க. மூன்றாவதில் சமரவிக்ரம. நான்காவதில் அசலங்க, அந்த அசலங்கவேதான். கடையில் ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாவது பந்தைத் தனஞ்சய நான்குக்கு அடித்தார். பந்து போட்ட சிராஜே அதைத் துரத்திக்கொண்டு எல்லைக்கோடுவரை ஓடினார். அதைப் பார்த்து இந்திய வீரர்கள் சிரித்தார்கள், கடையும் சிரித்தது. ஆறாவது பந்தில் தனஞ்சயவும் போனார். 12 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்.

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "2003 உலகக் கிண்ணத்தில வாஸ் பங்களாதேசுக்குச் செஞ்சத, இண்டைக்கு நமக்குச் செய்யிறான்" என்றார். அது சரியான கணக்கு. வாஸ் அன்று 16 பந்துகளில் ஐந்து விக்கெட் எடுத்தார். அடுத்த ஓவரில் ஷானக்கவின் விக்கெட்டைத் தெறிக்கவிட்டபோது சிராஜுக்கும் அதே 16 பந்துகள்தான்.

தேத்தண்ணி கொண்டு வந்து வைத்த பையன் அந்த நேரம் கையைத் தட்டிவிட்டான். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த ஒருவர் உடனே, "உனக்கென்ன மனே, உன்ட ஊர்க்காரன்தானே போடுறான்" என்றார். கடை சிரித்தது. பையன் முகம் மாறியது. அவன் பசறைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவனுடைய அம்மாவும் அம்மாயியும் பிறந்தது அதே தோட்டத்தில்தான்.

சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. அது அவருக்குப் பகிடி. ஆனால் 1948இல் இதே பகிடியைச் சட்டமாக எழுதித்தான் நம் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். இருநூறு வருஷம் ஆகிவிட்டது என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர்கள் நடந்தார்கள். இன்னும் ஒரு விக்கெட்டுக்குக் கை தட்டினால் நம் பிள்ளை எந்த ஊர் என்று கேட்கிறார்கள். அதே இலங்கைக்கு ஒருநாள் போட்டிகளில் 523 விக்கெட் எடுத்துக் கொடுத்த முரளியின் தாத்தா, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பையன் என்னைவிடக் கெட்டிக்காரன். "நான் நல்லாப் போடுறவங்க பக்கம்" என்று சொல்லிவிட்டுக் கிளாசைக் கழுவப் போனான்.

மிச்சத்தை நீங்களே அறிவீர்கள். 15.2 ஓவரில் 50 ஓட்டங்கள். இரண்டு இலக்கத்தைத் தொட்டவர்கள் குசல் மெண்டிஸும் துஷான் ஹேமந்தவும் மட்டும். இந்தியா 6.1 ஓவரில் விக்கெட் இழக்காமல் முடித்துவிட்டது. இரவுவரை உட்கார வந்தவர்கள் பொழுது சாயும் முன்னரே எழும்பினார்கள். "வீட்ட போய் என்ன சொல்ற?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

பரிசளிப்பு நேரத்தில் கடையில் பத்துப் பேர் இருந்திருப்போம். 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த சிராஜுக்கு ஆட்டநாயகன் பரிசு, 5,000 டொலர். அந்தக் காசை மைதான ஊழியர்களுக்குக் கொடுக்கிறேன், அவர்கள் இல்லாவிட்டால் இந்தச் சுற்றுப்போட்டியே நடந்திருக்காது என்று அவர் சொன்னார். ஒருவர் அதைத் தமிழில் சொல்ல, கடையே கை தட்டியது. ஹெல்மெட்காரரும் தட்டினார். கொழும்பு, கண்டி மைதான ஊழியர்களுக்கு ஆசிய கிரிக்கெட் சபையும் இலங்கை கிரிக்கெட்டும் 50,000 டொலர் அறிவித்த செய்தி இன்னொருவரின் போனில் வந்திருந்தது. அதற்கும் கைதட்டல்.

அப்போதுதான் பையன் என்னிடம் கேட்டான்: "மாமா, அங்க வேல செய்யிறவங்களுக்கு மாசச் சம்பளமா, இல்ல நாள் பேரா?"

தோட்டத்துப் பிள்ளையால்தான் அப்படிக் கேட்க முடியும். வேறு யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

சிராஜை நான் குறை சொல்லவில்லை. ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டிய தகப்பனின் மகன் அவர். 2020இல் அவர் அவுஸ்திரேலியாவில் இருந்தபோது தகப்பன் இறந்தார், முகம் பார்க்கக்கூடப் போகவில்லை. உழைப்பு என்ன என்று தெரிந்த ஆள், கையில் வந்த காசை உழைத்தவர்களுக்கு நீட்டினார். அதில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு உறுத்துவது நம்முடைய கைதட்டல். அந்தச் சுற்றுப்போட்டியில் கொழும்பில் விடாமல் மழை. 10ஆம் திகதி இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் பாதியில் நின்று மறுநாளைக்குப் போனது. ஊழியர்கள் பஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள், மின்விசிறி வைத்துத் தரையைக் காய வைத்தார்கள். தார்ப்பாய் இழுக்க பாகிஸ்தான் வீரர் பக்கர் சமானே ஓடிப்போய்க் கை கொடுத்தார். இவ்வளவும் நடந்த நாட்களில் அந்த ஆட்களுக்கு ஒரு நாளைக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் பேசவில்லை. ஒருவர் நன்கொடை கொடுத்த பிறகுதான் அவர்கள் நம் கண்ணில் பட்டார்கள். தேயிலைப் பெட்டியின் மேலே சிரிக்கிற கொழுந்துக்காரியையும் உலகம் இப்படித்தான் பார்க்கிறது. மழையில் படங்கு கட்டிக்கொண்டு நிற்பவள் அன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தாள், அரைப்பேரா முழுப்பேரா என்பது பெட்டியில் இல்லை.

5,000 டொலர் என்றால் அன்று நம் காசில் சுமார் 16 இலட்சம். நமது அப்போதைய 1,000 ரூபா சம்பளத்தில் 1,600 பேர். மாதம் 25 பேர் கிடைத்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் மலையேற வேண்டும். பெரிய காசுதான். ஆனால் பங்கு பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு? அடுத்த மழைக்கு யார் கொடுப்பார்? நன்கொடைக்கு ஈபிஎப் கிடையாது, ஈடிஎப் கிடையாது. சம்பளமாகக் கொடுத்தால் முதலாளி 12 வீதமும் 3 வீதமும் கட்ட வேண்டும், வயதான காலத்தில் அது கைக்கு வரும். நன்கொடையை இந்த வருஷம் கொடுக்கலாம், அடுத்த வருஷம் மறக்கலாம், கேட்கவும் முடியாது. சம்பளத்தை மறந்தால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

நமக்கு இது புதிதா? தீபாவளி முற்பணத்தை எடுங்கள். அது நம்முடைய சம்பளத்திலிருந்தே மாதாமாதம் வெட்டிக்கொள்கிற கடன். ஆனால் கொடுக்கிற அன்று படம் பிடிக்கிறார்கள், பெரிய மனது என்று பத்திரிகையில் வருகிறது, நாமும் கும்பிட்டு வாங்குகிறோம். 2021இல் கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. ஒரு தோட்டத்தில் 18 கிலோ, இன்னொன்றில் 20 கிலோ என்று அவரவர் விருப்பத்துக்குக் கேட்கிறார்கள். அதைப் பேச வேண்டிய நேரத்தில் முற்பணம் பத்தாயிரமா பதினைந்தாயிரமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சங்கத்தில் இருக்கிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. முற்பணத்தைக் கூட்டிக் கொடுத்தோம் என்று நாங்களும் மேடையில் பேசியிருக்கிறோம்.

பஸ்ஸுக்கு நேரமானதும் பையனிடம் கேட்டேன், உனக்கு எப்படி என்று. காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை வேலை, சாப்பாடும் படுக்க இடமும் கடையில். சம்பளத்தை முதலாளி மொத்தமாக வைத்திருந்து ஊருக்குப் போகும்போது கொடுப்பாராம். இரண்டு வருஷம் ஆகிறது. ஈபிஎப் இலக்கம் இருக்கிறதா என்றேன். "கேட்டதில்ல மாமா. போன வருஷம் தீவாளிக்கு சட்ட, களிசான் எல்லாம் எடுத்துத் தந்தாரு" என்றான். கடைச் சிற்றூழியர்களுக்கும் 1954ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. வேலை நேரம், லீவு, சம்பளம் எல்லாம் அதில் உண்டு. ஈபிஎப் ஓர் ஆள் வேலை செய்தாலும் கட்டியாக வேண்டும். இதைச் சொன்னபோது அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

தீபாவளி வரும். கொழும்பிலும் கண்டியிலும் மட்டக்களப்பிலும் கடைகளில் நிற்கிற நம் பிள்ளைகள் லயத்துக்கு வருவார்கள், புது உடுப்போடு வருவார்கள். உடுப்பைப் பார்த்த பிறகு, எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, சம்பளத் துண்டு கொடுக்கிறார்களா, ஈபிஎப் இலக்கம் என்ன என்று கேளுங்கள். இல்லை என்றால் கடையின் பெயரையும் வேலைக்குச் சேர்ந்த திகதியையும் ஒரு கொப்பித்தாளில் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பிள்ளையின் பெயரை நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம்.