பேய் போயிற்று, பதில் எங்கே?

தோழர்களே! "பேய் இல்லை, பிசாசு இல்லை" என்று நாம் மேடைதோறும் சொல்லி வருகின்றோம். சொல்வது உண்மையே. ஆனால் இல்லையென்று சொன்னவுடன் நமது வேலை தீர்ந்துவிட்டதா என்பதை, நம் சொந்த வீட்டில் நடந்த ஒரு சங்கதியைக் கொண்டே யோசித்துப் பார்க்க விரும்புகின்றோம்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்துப் பிழைக்கும் நமது தமக்கையாரின் மகனுக்கு மூன்று தடவை புத்திமாறாட்டம் வந்து போயிருக்கிறது. முதல் தடவை நான்கு நாள் தூக்கமில்லை. கிணற்று மோட்டார் ஓடும் சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லி வைவதாகச் சொன்னான். பெற்ற தாய் வைத்த சோற்றில் விஷமிருக்கிறதென்று தட்டைத் தள்ளினான். ஊரார் கூடி முனி பிடித்ததாக முடிவு கட்டினார்கள். பூசாரி வந்தான், கிடாய் விழுந்தது, வேப்பிலை அடியும் விழுந்தது. பதினைந்தாம் நாள் பையன் நன்றாகத் தூங்கி எழுந்து, ஒன்றும் நடவாதவன் போல் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனான். பூசாரியின் புகழ் ஆனைமலை வரையில் பரவிற்று.

அன்று அந்த வாசலில் நாமும் இருந்தோம். "பேயில்லையக்கா" என்றோம். "பேயில்லீன்னா இது என்ன கண்ணு?" என்று தமக்கையார் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் பேச்சு அந்த வாசலில் எடுபடவில்லை. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்ளுகின்றோம்.

பதிலைப் பிறகு தேடிப் படித்தோம். திடீரெனக் கிளம்பிச் சில நாளோ சில வாரமோ இருந்து, பிறகு முற்றிலும் விலகிவிடும் புத்திமாறாட்டம் என்று ஒரு நோயே இருக்கிறது. டாக்டர்கள் இதைக் குறுங்காலச் சைக்கோசிஸ் என்கிறார்கள். அமெரிக்க டாக்டர்களின் நோய்ப் புத்தகம் இதற்கு ஒரு நாளுக்குக் குறையாமல், ஒரு மாதத்திற்குள் என்று கெடு வைத்திருக்கிறது. 2022 முதல் அமுலில் உள்ள உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலோ, மூன்று மாதத்தைத் தாண்டாதது என்கிறது. ஐரோப்பாவைவிட நம் நாட்டைப் போன்ற நாடுகளில் இது பல மடங்கு அதிகமென்று அந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியிலேயே தெரிய வந்திருக்கிறது.

இப்பொழுது கணக்குப் பாருங்கள். நோய் பெரும்பாலும் தானாகவே சில வாரத்தில் விலகக்கூடியது. கோயிலில் வைக்கும் கெடுவோ ஒரு மண்டலம், அதாவது 48 நாள். நோய் போகும் காலத்தைவிட நீண்ட காலத்தைக் கெடுவாக வைத்துக்கொண்டவன் எப்படித் தோற்பான்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது; விழுந்த பழத்திற்குக் காக்கை காணிக்கை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் சங்கதி. போகாத நோய்களுக்கோ, "பேய் பொல்லாதது, இன்னும் ஒரு மண்டலம் இரு" என்ற வாய்தா தயாராயிருக்கிறது.

"அப்படியானால் மாத்திரைக்கும் இதே நியாயம் பொருந்தாதா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 1952-ல் பாரிஸ் நகரத்து டாக்டர்கள் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை இவ்வகை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதன் பிறகு, ஒரு கூட்டத்தாருக்கு மருந்தும் மற்றொரு கூட்டத்தாருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்து, யார் யார் எவ்வளவில் தேறினார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் இம்மருந்துகள் நிலைபெற்றன. இந்தப் பரீட்சைக்கு எந்தப் பூசாரியாவது, மந்திரிப்பவராவது, ஜெபக்காரராவது உட்பட்டதுண்டா?

மருந்தை விட்டுச் சங்கிலியைப் பிடித்ததன் பலனை நம் நாடு ஒரு தரம் கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுபோய் விடப்பட்டவர்களை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தானே தெளிந்துவிடக்கூடிய நோய் இருந்ததோ, யார் கண்டது? இந்துக் கோயில், முஸ்லிம் தர்கா, கிறிஸ்தவ ஜெபக்கூடம் என்ற பேதம் இதில் இல்லை. நோயாளியைக் கட்டிப்போட எல்லா மதத்திலும் கயிறு இருக்கிறது.

நிற்க, டாக்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் தடவை பையனை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். மாத்திரை கொடுத்தார், சில நாளில் தெளிந்தது. "இது என்ன நோயுங்க? மறுபடியும் வருமா? மாத்திரை எத்தனை நாளைக்கு? கல்யாணம் செய்யலாமா?" என்று தமக்கையார் கேட்டார். "சொன்னதைச் சாப்பிடச் சொல்லுங்கள், கேள்வியெல்லாம் வேண்டாம்" என்று பதில் வந்தது. பூசாரியும் இதைத்தானே சொன்னான்! மாட்டுச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடையைப் பார்த்து, நூறு கேள்வி கேட்டு வாங்குகிறவர்கள், சொந்தப் பிள்ளையின் மூளையைப் பற்றிக் கேட்க மட்டும் ஏன் கூச வேண்டும்?

கேட்பது தயவுக்காக அல்ல. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-வது பிரிவின்படி, தனக்கு வந்த நோயின் தன்மை, கொடுக்கும் சிகிச்சை, மருந்தின் பக்க விளைவு ஆகியவற்றைத் தனக்குப் புரியும் பாஷையில் அறிய நோயாளிக்கு உரிமையுண்டு. 25-வது பிரிவின்படி தன் மருத்துவக் குறிப்புகளையும் கேட்டுப் பெறலாம். 95-வது பிரிவு சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடுக்கிறது. அடிக்கடி வந்து போகும் நோயுள்ளவர்களுக்கு 5-வது பிரிவு மிகவும் உபயோகமானது. புத்தி தெளிவாயிருக்கும்போதே, "மறுபடி வந்தால் என்னை இப்படி நடத்துங்கள், இப்படி நடத்தாதீர்கள்" என்று முன்கூட்டி எழுதி வைக்கலாம். தமக்காகப் பேசவேண்டியவர் இன்னாரென்று நியமிக்கவும் சட்டம் இடங்கொடுக்கிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது வேறொரு நோயின் வெளிக்குறியா என்பது. மூளைக்காய்ச்சல், வலிப்பு, தைராய்டுக் கோளாறு, கஞ்சா, குடியைத் திடீரென நிறுத்துதல் இவையெல்லாம் இதே வேஷத்தில் வரக்கூடும். பிரசவித்த தாய்க்கு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்துண்டு. தெளிந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. சிலருக்கு இது ஒரே தடவையோடு போகும். சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு நீடித்த நோயின் ஆரம்பமாகவும் இருக்கும். எது என்பதை முதல் நாளிலேயே எந்த டாக்டரும் சொல்லிவிட முடியாது. "இன்னும் பார்க்க வேண்டும், காலம் போனால்தான் தெரியும்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அது யோக்கியமான பதில். தெரியாததைத் தெரியாதென்று சொல்லத் துணிவதுதான் விஞ்ஞானம். பதிலே சொல்லாமல் சீட்டைக் கிழித்து நீட்டுவது பதிலாகாது.

நமது மருமகன் இப்பொழுது கோவை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போய் வருகிறான். தோப்பு வேலையும் பார்க்கிறான். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் பேசி யோசனை கேட்கலாம். சென்ற வாரம் அவன் நம்மிடம், "மாமா, முனியில்லைன்னு எனக்கும் தெரியுமுங்க. ஆனா அதுக்கு ஒரு பேரு இருக்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தானுங்க ராத்திரி பயமில்லாமத் தூங்கினேன்" என்றான்.

தோழர்களே! இல்லையென்று சொல்வது பாதிப் பகுத்தறிவுதான். பின் என்னவென்று தேடிச் சொல்வதே மறுபாதி. இனி உங்கள் ஊரில் ஒரு வாசலில் உடுக்கைச் சத்தம் கேட்டால், தர்க்கம் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய் வாருங்கள்.