மழைச் சாலையை மனதில் வைத்து டயர் வாங்குங்கள்

நாட்டில் விற்பனையாகும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்று எஸ்யூவி ரகத்தைச் சேர்ந்தவை. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வண்டிகளுக்கு இப்போது ஒவ்வொன்றாக டயர் மாற்றும் நேரம் வந்துகொண்டிருக்கிறது. புது வண்டிக்கு டயரைத் தேர்ந்தெடுப்பது தயாரிப்பு நிறுவனம். மாற்று டயர் வாங்கும்போதுதான் அந்த முடிவு முதன்முறையாக உரிமையாளரின் கைக்கு வருகிறது. டயர் கடையில் அவர் வழக்கமாகக் கேட்பவை மூன்று: என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் ஓடும், வண்டிக்கு எடுப்பாக இருக்குமா? மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை: நனைந்த தார்ச்சாலையில் வேகமாகப் போகும்போது பிரேக் போட்டால், இந்த டயர் வண்டியை எவ்வளவு தூரத்தில் நிறுத்தும்? பலவகைச் சாலைகளில் ஓடும் எஸ்யூவிக்கு முதல் அளவுகோல் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஓடும் ஒரு குடும்ப எஸ்யூவி எந்தெந்தச் சாலைகளைச் சந்திக்கிறது என்று பார்ப்போம். நாற்கரச் சாலை, நகர நெரிசல், குண்டும் குழியுமான ஊர்ச்சாலை, குலதெய்வக் கோயிலுக்கோ தோட்டத்துக்கோ போகும் மண் பாதை, ஆண்டுக்கு ஓரிரு முறை மலை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. வெயில் காலத்தில் வேலூர், கரூர் போன்ற மாவட்டங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வெப்பம். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. இத்தனை நிலைமைகளுக்கும் ஒரே டயர் முழுமையாகப் பொருந்தாது. ஏதோ ஒன்றுக்கு முன்னுரிமை கொடுத்தாக வேண்டும். எந்த நிலைமையில் டயர் கைவிட்டால் இழப்பு மீட்க முடியாததோ, அதற்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது என் வாதம். மண் பாதையில் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அங்கே பிடிமானம் போனால் சக்கரம் புதையும். நாலு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும். நனைந்த நாற்கரச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் பிடிமானம் போனால், உள்ளே இருக்கும் குடும்பமும் எதிரே வருபவர்களும் உயிருக்குப் போராட வேண்டியிருக்கும்.

நீரின் மேல் டயர் என்ன செய்கிறது என்பது நன்கு ஆராயப்பட்ட விஷயம். டயரின் வரிப்பள்ளங்கள் முன்னால் உள்ள தண்ணீரை ஒதுக்கித் தள்ளினால்தான் ரப்பர் சாலையைத் தொட முடியும். வேகம் கூடக்கூட அதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அதன் பிறகு ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயன்படாது. 1960-களில் விமான ஓடுபாதைகளில் இதை ஆராய்ந்த நாசா விஞ்ஞானிகள், மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைச் சார்ந்தது என்று கண்டறிந்தார்கள். அவர்களின் சூத்திரப்படி 33 பிஎஸ்ஐ காற்று உள்ள டயருக்கு அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர். 25 பிஎஸ்ஐ-க்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ 83. விமான டயருக்காகப் போட்ட கணக்கு கார் டயருக்கு அச்சு அசலாகப் பொருந்தாது என்றாலும், ஆபத்து எந்த வேகத்தில் காத்திருக்கிறது என்பதைக் காட்ட இது போதும். நாற்கரச் சாலைகளில் கார்களுக்கு 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் 100 கிலோமீட்டர். அதாவது, சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுபவரும் தண்ணீர் தேங்கிய இடத்தில் இந்த எல்லையைத் தொட்டுவிட முடியும்.

இந்த இடத்தில்தான் ஏ.டி. எனப்படும் ஆல் டெரெய்ன் டயரின் மீதான மோகத்தைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய பட்டன்கள், அகன்ற இடைவெளிகள், தடித்த பக்கச்சுவர் என்று பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் இந்த டயர், எந்தச் சாலைக்கும் ஈடுகொடுக்கும் என்ற எண்ணத்தை அதன் பெயரே உருவாக்கிவிடுகிறது. பெரிய இடைவெளிகள் அதிகத் தண்ணீரை வெளியேற்றும்தானே, அப்படியானால் மழைக்கும் அதுதானே நல்லது என்று கேட்பவர்கள் உண்டு. ஆழமாகத் தேங்கிய நீரைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மழைக்காலப் பயணத்தில் பெரும்பகுதி, மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே உள்ள ஈரச்சாலையில்தான் நடக்கிறது. அங்கே பிரேக்கின் பலம், எவ்வளவு ரப்பர் சாலையைத் தொடுகிறது, அந்த ரப்பரின் கலவை எப்படிப்பட்டது என்ற இரண்டையும் பொறுத்தது. ஏ.டி. டயரில் கணிசமான இடம் இடைவெளிக்குப் போய்விடுவதால் தொடும் பரப்பு குறைவு. கல்லில் பட்டுப் பிய்ந்துவிடாமல் இருக்க ரப்பர் கடினமாக வார்க்கப்படுகிறது. உயரமான பட்டன்கள் பிரேக் அழுத்தத்தில் வளைந்தும் கொடுக்கின்றன. அதனால், ஈரத் தார்ச்சாலையில் நிற்கும் தூரம் நல்ல எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை டயரைவிட பொதுவாக அதிகமாகவே இருக்கும். எடை, இரைச்சல், டீசல் செலவு ஆகியவையும் கூடுகின்றன.

எங்கள் ஊர்ச் சாலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். பள்ளத்தில் விழுந்து பக்கச்சுவர் வீங்கிய டயரை மாற்றியவர்களுக்கு அந்தக் கோபம் இருப்பது இயல்பு. ஆனால் பள்ளத்தின் அடியைத் தாங்குவதில் பட்டனுக்குப் பெரிய பங்கு இல்லை. பக்கச்சுவரின் உயரத்துக்கும் சரியான காற்றழுத்தத்துக்கும்தான் பங்கு. 215/60 ஆர் 17 என்று டயரில் எழுதியிருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 விழுக்காடு, ரிம் 17 அங்குலம் என்று பொருள். அழகுக்காகப் பெரிய ரிம் போட்டு, 60 இருந்த இடத்தில் 50-ஐ மாட்டுபவர்கள்தான் பள்ளத்தில் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவனம் பரிந்துரைத்த அளவை மாற்றாமல் இருப்பதே ஊர்ச்சாலைக்கு முதல் பாதுகாப்பு. அன்றாடம் தேயிலைத் தோட்டப் பாதையிலும் கல்குவாரிச் சாலையிலும் வயல் சேற்றிலும் போய்வர வேண்டியவர்களுக்கு ஏ.டி. டயர் சரியான தேர்வு, அதை மறுக்கவில்லை. அவர்களும் தார்ச்சாலைக்கு வந்தவுடன் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஆண்டுக்கு நான்கு நாள் மண் பாதையில் போவதற்காக மீதி நாட்களின் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதில்தான் நியாயம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பது அக்கறையான கேள்வி. ஆயுள், மைலேஜ், பிடிமானம் மூன்றும் ஒன்றை ஒன்று இழுப்பவை என்பது உண்மை. ஆனால் 1990-களிலிருந்து கார்பன் பிளாக் எனப்படும் கரித்தூளின் இடத்தில் சிலிக்கா சேர்த்த கலவைகள் பரவிய பிறகு, இந்த இழுபறி பெருமளவு தளர்ந்திருக்கிறது. மைலேஜைத் தின்னும் உருளும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரப் பிடிமானத்தைக் கூட்ட முடிகிறது. ஒரு டயர் 50,000 கிலோமீட்டருக்குப் பதில் 40,000 ஓடினால் ஏற்படும் கூடுதல் செலவை மொத்தக் கிலோமீட்டருக்கு வகுத்துப் பார்த்தால், எரிபொருள் செலவின் பக்கத்தில் அது சின்னத் தொகை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏபிஎஸ், இஎஸ்சி போன்ற மின்னணுப் பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் இருக்கும்போது டயரைப் பற்றி எதற்குக் கவலை என்று நினைப்பது பெரும் பிழை. அந்தக் கருவிகள் புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. டயர் தரும் பிடிமானத்தைச் சிறப்பாகப் பங்கிட்டுக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். டயரிடம் இல்லாததை எந்தக் கணினியாலும் தர முடியாது.

எது ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வது? நம் நாட்டின் குறை இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் கார் டயரில் ஈரப் பிடிமானத்துக்குத் தனி எழுத்துக் குறி ஒட்டப்படுகிறது. ஏ முதல் எஃப் வரை இருந்த அந்தப் பழைய வரிசையில், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் இரு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசம் 18 மீட்டர் வரை இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. நான்கு கார்களின் நீளம் அது. இந்தியாவில் 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, ஏஐஎஸ்-142 தரவரையறை ஈரப் பிடிமானம், உருளும் தடை, இரைச்சல் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச எல்லையை வகுத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் குறைந்தபட்சத்தைத் தாண்டிய டயர்களுக்குள் எது முதல், எது கடைசி என்பது கடையில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. ஏசி, பிரிட்ஜ் போல டயருக்கும் நட்சத்திரக் குறி வந்திருக்கிறது. அது எரிபொருள் சிக்கனத்தை முன்வைப்பது. அதிக நட்சத்திரத்தைப் பார்த்து அதிகப் பிடிமானம் என்று நினைத்துவிடக் கூடாது. திருவொற்றியூர், ஒரகடம், திருப்பெரும்புதூர், தேர்வாய் கண்டிகை என்று சென்னையைச் சுற்றியே பெரிய டயர் ஆலைகள் இயங்குகின்றன. இங்கே தயாராகும் டயரின் ஈரப் பிடிமானத் தரத்தை இங்கே வாங்குபவர் அறிய முடியாத நிலை நீடிக்கக் கூடாது. சோதனை எண்கள் நிறுவனங்களிடம் இருக்கின்றன; அவற்றை எழுத்துக் குறியாக டயரில் ஒட்டுவதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை வாங்குபவர் தன்னால் முடிந்ததைச் செய்யலாம். அதே மாடல் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டால் அதன் ஈரப் பிடிமானக் குறியை இணையத்தில் பார்க்கலாம்; அளவும் பாரக் குறியீடும் ஒத்துப்போனால் அது ஒரு வழிகாட்டி, உத்தரவாதம் அல்ல. பாரக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் பழைய டயரைவிடக் குறைக்கக் கூடாது: 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 3524 என்றிருந்தால் 2024-ன் 35-வது வாரத்தில் தயாரானது. தள்ளுபடி விலையில் இரண்டு மூன்று வருடப் பழைய சரக்கு வந்தால் மறுத்துவிடலாம். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின் அச்சில் போட வேண்டும். ஈரத்தில் பின்பக்கம் வீசிவிடாமல் காப்பது அதுவே. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. காற்று, ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது. கோடையில் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற நம்பிக்கை தவறு. காற்று குறைந்த டயர் அதிகம் வளைந்து, அதிகம் சூடேறி, வெடிக்கிறது.

டயரின் வரிப்பள்ளங்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். அது மொட்டை டயரைத் தடுப்பதற்கான எல்லை. அடைமழையில் பாதுகாப்பாகப் போவதற்கான எல்லை அல்ல. காண்டினென்டல் போன்ற தயாரிப்பாளர்களே 3 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியின் டயர் அந்த அளவை நெருங்கியிருந்தால், டிசம்பர் வரை ஓட்டிவிடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பர் முடிவதற்குள் மாற்றுங்கள். கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், மழையில் எப்படி நிற்கும் என்று கேளுங்கள். வாங்குபவர்கள் எல்லோரும் அதைக் கேட்கத் தொடங்கினால், விற்பவர்களும் தயாரிப்பவர்களும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.